தொட்டிக்கட்டு வீட்டை ஏக்கர் கணக்கில் சேர்க்காதீர்கள்

கேள்வி: கோபிக்கும் பெருந்துறைக்கும் நடுவில் எங்களுக்கு 22 ஏக்கர் தோட்டம். அதில் 14 ஏக்கர் கீழ்பவானி வாய்க்கால் பாசனம், 8 ஏக்கர் வாய்க்கால் பாயாத மேட்டாங்காடு. தோட்டத்தின் நடுவில் எங்கள் அப்பாருவின் (அப்பாவைப் பெற்ற தாத்தாவின்) அப்பா கட்டிய தொட்டிக்கட்டு வீடு, அதாவது நடுவில் திறந்த முற்றம் வைத்த வீடு, இருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1968-இல் அப்பாருவும் அவர் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது வீடும் இந்த நிலமும் அப்பாருவுக்கு வந்தன. அவர் 1984-இல் உயில் எழுதாமல் காலமானார். ஆத்தா (அப்பாருவின் மனைவி) அதற்குப் பிறகு காலமானார். போன வருஷம் அப்பாவும் போய்விட்டார். அம்மா இருக்கிறார். பட்டா அப்பா பேரில். ஒரே அத்தை, 1972-இல் கல்யாணமாகிச் சென்னிமலையில் இருக்கிறார். சீர் எல்லாம் நிறைவாகச் செய்தாயிற்று. அவர் இதுவரை எதுவும் கேட்டதில்லை. அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். "எல்லார் பங்கையும் நானே வாங்கிக்கிறேன்" என்கிறார். பண்ணையம் பார்ப்பது தம்பிதான். ஆள் கிடைப்பதில்லை, சொசைட்டிக் கடனும் இருக்கிறது. திருப்பூரிலிருந்து ஒரு பார்ட்டி வந்து, மொத்தத்துக்கும் ஏக்கருக்கு ஒரே விலை பேசுகிறார். வீட்டுக்கு மதிப்பே இல்லை, இடிப்பதுதான் செலவு என்கிறார். 25 லட்சம் அட்வான்ஸ் தருவாராம், அக்ரிமெண்ட்டோடு பவரும் (எங்களுக்குப் பதில் அவரே விற்க அதிகாரம் தரும் பத்திரம்) எழுதித் தர வேண்டுமாம். தோட்டத்து மூலையில் அப்பாரு காலத்திலிருந்து ஒரு பண்ணையாள் குடும்பம் குடியிருக்கிறது. என்ன செய்வது?
— ஈரோடு மாவட்ட வாசகி

அன்புச் சகோதரிக்கு,

விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. ஆள் இல்லாமல், கடனோடு, தனியாக நின்று தோட்டம் பார்க்கிற தம்பியிடம் "பாட்டன் சொத்தை விற்காதே" என்று வெளியூரில் இருந்துகொண்டு யாரும் சொல்லக் கூடாது. விற்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பார்ட்டி சொல்கிற முறையில் விற்காதீர்கள். நிலப் பத்திரங்களோடு புழங்குகிற வக்கீலாக ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: வீடும் நிலமும் உங்கள் மனசுக்கு ஒரே சொத்தாக இருக்கலாம், சட்டத்துக்கும் வரிக்கும் சந்தைக்கும் அவை இரண்டு சொத்துகள். இரண்டையும் ஒரே ஏக்கர் விலையில் பேசி முடிக்கிறவர்கள் வீட்டைச் சும்மா கொடுத்துவிடுகிறார்கள்.

முதலில் அத்தை. அவர் எதுவும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காததால் உரிமை போய்விடாது. கல்யாணத்தில் போட்ட நகையும் செய்த சீரும் சொத்துப் பங்குக்கு ஈடாகச் சட்டத்தில் நிற்பதில்லை. பட்டா உங்கள் அப்பா பேரில் மட்டும் இருப்பதாலும் ஒன்றும் மாறாது. கூட்டுச் சொத்து ஒருவர் கையில் இருந்தால், எல்லாருக்குமாக அவர் வைத்திருப்பதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

1984-இல் உயில் இல்லாமல் அப்பாரு இறந்தபோது 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் நடப்பில் இருந்தது. அந்தக் கணக்குப்படி பூர்வீகச் சொத்தில் பாதி உங்கள் அப்பாவுடையது. மீதிப் பாதி ஆத்தா, அப்பா, அத்தை மூவருக்கும் சமம். ஆத்தாவும் உயில் எழுதாமல் போயிருந்தால் அவர் பங்கில் பாதி மறுபடியும் அத்தைக்கு வரும். கூட்டிப் பாருங்கள், மொத்தத்தில் கால் பங்கு. இது குறைந்தபட்சக் கணக்கு. 1989-இல் தமிழ்நாட்டில் வந்த திருத்தம் 25.3.1989 அன்று கல்யாணமாகாத பெண்களுக்குத்தான் பயன்பட்டது, அதில் அத்தை வரமாட்டார். ஆனால் 2005-இல் வந்த மத்தியத் திருத்தமும், அதற்கு விளக்கமாக 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தந்த தீர்ப்பும், தந்தை எப்போது இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று சொல்லிவிட்டன. அதை வைத்து அத்தை தரப்பில் பாதி வரை கேட்கவும் வழி இருக்கிறது. உங்களுக்கும் அண்ணன் தம்பிக்கு நிகரான பங்கு உண்டு. அம்மாவுக்கும் உண்டு. இவர்களில் ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் அந்தக் கிரயம் முழுக் கிரயம் ஆகாது.

ஆகவே பார்ட்டியிடம் பேசுவதற்கு முன்னால் சென்னிமலைக்குப் போய்வாருங்கள். கையெழுத்து வாங்கப் போவதாகப் போகாமல், கணக்கை முழுக்கச் சொல்லி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கப் போங்கள். அத்தை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர், உங்கள் அப்பாவின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சகோதரிக்குரிய இணைச்சீர் செய்துகொண்டவர். "அத்தைக்கு எதுவும் வேண்டாம்" என்று அவருக்காக நீங்களே முடிவு செய்வது முறையல்ல. விவரம் சொல்லாமல் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போய்க் கைரேகை வாங்கிய விடுதலைப் பத்திரங்கள் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரங்கள்), பிற்பாடு அவர்களுடைய பிள்ளைகள் போட்ட வழக்கில் பல வருஷம் இழுபட்டதைக் கொங்குப் பகுதி நீதிமன்றங்களில் நிறையப் பார்க்கலாம். அவராக விரும்பி விட்டுக்கொடுத்தால் அது வேறு. பணமாக வேண்டும் என்றால் பணம், நிலமாக வேண்டும் என்றால் நிலம். எது முடிவானாலும் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமாக இருக்கட்டும். குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாருக்கு எழுதும் கிரயத்தில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகிறது. இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே வீட்டுக் கணக்கை வீட்டுக்குள் முடித்துவிட்டு வெளியே போவது எவ்வளவு நல்லது என்று தெரியும்.

அடுத்தது பவர். தயவு செய்து கொடுக்காதீர்கள். 25 லட்சத்தைக் கையில் கொடுத்து, பவரை வாங்கிக்கொண்டு, 22 ஏக்கரையும் துண்டு துண்டாகச் சைட் போட்டு விற்று, விற்க விற்கப் பணம் தருவதுதான் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டின் உள்ளடக்கம். அனுமதி வராமல் நின்றால் உங்களுக்கு நிலமே மாட்டிக்கொள்ளும், அவருக்கு அட்வான்ஸ் பணம் மட்டும்தான் மாட்டும். வாய்க்கால் பாசன நன்செயை மனையாக மாற்றுவது நினைத்தவுடன் நடக்கிற காரியம் அல்ல. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவு செய்வதற்கும் 2016 அக்டோபருக்குப் பிறகு கடுமையான தடை இருக்கிறது.

அக்ரிமெண்ட்டும் லேசான காகிதம் இல்லை. தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 2012-இலேயே சட்டம் வந்துவிட்டது. 2018-இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீர்வழிச் சட்டப்படி, ஒப்பந்தம் போட்டவர் "எழுதிக் கொடு" என்று வழக்குப் போட்டால், பணத்தைத் திருப்பித் தந்து தப்பித்துக்கொள்வது முன்னைப் போல எளிதல்ல. தம்பி மட்டும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டால், அவர் பங்கின் வழியாக ஒரு வெளியாள் உங்கள் குடும்பப் பாகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்கு மட்டும் சட்டத்தில் ஒரு காப்பு இருக்கிறது. குடும்பம் வசிக்கும் வீட்டில் பிரிக்காத பங்கை வாங்கிய வெளியார், உள்ளே வந்து கூடக் குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி அந்தப் பங்கை மதிப்புப் போட்டு நீங்களே வாங்கிக்கொள்ளலாம். வயலுக்கு இந்தக் காப்பு இல்லை. ஆனால் வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்கப் போனால், மற்ற வாரிசுகள் முதலில் வாங்கும் உரிமை கேட்கலாம். விவசாய நிலத்துக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது.

அண்ணனுடைய ஆசையைப் படித்தபோது எனக்கு மனசு கனத்தது. வீடு குடும்பத்திலேயே நிற்க அதுதான் இயல்பான வழி. ஆனால் அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட அவர், வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருந்தாலும், இந்தியாவில் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வருகிற தன் பங்கை வைத்துக்கொள்ளலாம்; விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க வேண்டும். "மச்சான் பேரில் வாங்கிப் போடுகிறேன்" என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள், அது பினாமிச் சட்டத்தில் கொண்டுபோய் விடும்.

ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. வீடு நிற்கிற இடம் வருவாய்க் கணக்கில் என்னவாக இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையை எழுதிய பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பாருங்கள். நத்தத்தில், அதாவது குடியிருப்புக்கென்று பதிவான இடத்தில், இருந்தால் அது குடியிருப்பு வீடு, அண்ணன் வாங்கலாம். தோட்டத்துப் புன்செய்ச் சர்வே எண்ணுக்குள்ளேயே இருந்தால் பண்ணை வீட்டுக் கணக்கில் போய்விடும், அவர் வாங்க முடியாது. தம்பியோ நீங்களோ வாங்கலாம். தோட்டத்து நடுவில் இருக்கிறது என்பதாலேயே நத்தமாக இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். தனி வளவாக இருந்த பழைய இடங்கள் சில நத்தமாகவே பதிவாகியிருக்கின்றன.

இப்போது வீட்டின் மதிப்புக்கு வருகிறேன். "மதிப்பே இல்லை" என்று சொல்கிற அதே ஆள், கிரயம் முடிந்த மறுவாரம் பழைய மரக்காரர்களைக் கூட்டிவந்து விலை கேட்பார். நிலையும் கதவும் தனி, உத்திரமும் தூணும் தனி, மச்சுப் பலகை தனி, கல்தூண் தனி, ஓடு தனி என்று பேரம் நடக்கும். செட்டிநாட்டில் எத்தனையோ பெரிய வீடுகள் இப்படித்தான் பிரிந்து காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. அதே செட்டிநாட்டில், பிரிக்காமல் விட்ட சில வீடுகள் இன்றைக்குத் தங்கும் விடுதிகளாக நடக்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் பழைய வீடுகளுக்குச் சினிமாப் படப்பிடிப்பு வாடகை கிடைப்பதும் நீங்கள் அறிந்ததுதான். ஆகவே அந்த வீட்டுக்குச் சந்தை இல்லை என்பது உண்மை அல்ல. சைட் போடுகிறவருக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான். வீட்டை வீடாக வாங்குகிறவர் வேறு ஆள், அவர் ஏக்கர் விலை பேசும் புரோக்கரிடம் வரமாட்டார்.

அவரைத் தேடுவதற்கு முன் சில வேலைகள் உண்டு. சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த ஒரு கட்டடக் கலைஞரை வைத்து வீட்டை அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். ஆசாரம், தொட்டி, சுற்றுத் தாழ்வாரம், அறைகள், மச்சு, சமையல்கட்டு, வெளியே களம், கட்டுத்தரை, சாளை எல்லாம் அதில் வர வேண்டும். என்ன மரம், எந்தச் சுவர் ஓதம் ஏறியிருக்கிறது, எங்கே கரையான் என்பதையும் எழுதி வாங்குங்கள். குறையை மறைக்கத் தேவையில்லை. நூறு வருஷத்து வீட்டில் குறை இருக்கும் என்று வாங்குகிறவருக்கும் தெரியும். விற்பதற்காக அவசரமாகச் சிமெண்டுப் பூச்சு மட்டும் பூசிவிடாதீர்கள். காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். மேலே சிமெண்டு அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் பொரிந்துபோகும். செய்ய வேண்டிய அவசர வேலை கூரையில் இருக்கிறது. உடைந்த ஓட்டை மாற்றி, தொட்டிக்குள் விழுகிற தண்ணீர் வெளியே போகும் சாக்கடையைத் தூர்வாரி விடுங்கள். பூட்டிக் கிடக்கிற வீட்டை முதலில் கெடுப்பது ஒழுகும் தண்ணீர், அதன் பின்னாலேயே கரையான் வரும்.

வீட்டோடு எவ்வளவு நிலம் சேர வேண்டும் என்பதுதான் உங்கள் விஷயத்தில் முக்கியமான கேள்வி. என் யோசனை, வீடு, களம், கட்டுத்தரை, பக்கத்துக் கிணறு, தார்ரோடு வரை வண்டிப்பாதை எல்லாம் அடங்க ஒன்றரை இரண்டு ஏக்கரைத் தனி உட்பிரிவாக அளந்து பிரித்துவிடுங்கள். பாதையும் தண்ணீரும் இல்லாத பெரிய வீடு யாருக்கும் உதவாது. மீதி நிலத்தை அதற்குப் பிறகு பேசுங்கள்.

மீதி நிலத்தின் விலை தண்ணீரில் இருக்கிறது. பவானிசாகர் அணை 1955-இல் முடிந்து கீழ்பவானி வாய்க்கால் 2,07,000 ஏக்கருக்குப் பாய ஆரம்பித்த பிறகுதான் உங்கள் பக்கத்துக் காடெல்லாம் தோட்டமானது. வாய்க்கால் கசிவில்தான் அங்கே கிணறுகளும் ஊறுகின்றன. உங்கள் 14 ஏக்கர் எந்த மதகில் பாய்கிறது, அது ஒற்றைப்படை மதகா இரட்டைப்படை மதகா (முறைத் தண்ணீர் மாறி மாறி விடுவது இதை வைத்துத்தான்), முழுப் பரப்பும் ஆயக்கட்டில் (வாய்க்காலின் பாசனப் பரப்பில்) பதிவாகியிருக்கிறதா என்று நீர்வளத் துறைக் கணக்கிலும் பாசன சபையிலும் பார்த்து வையுங்கள். கிணற்றில் சின்ன அப்பாரு வகையறாவுக்குப் பாகம் உண்டா? 1968 பாகப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். "கிணற்றில் சரிபாதியும், முறைத் தண்ணீரும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்" என்று ஒரு வரி எங்காவது இருக்கும். அந்த ஒரு வரியால் வந்த வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. இலவச மின்சார இணைப்பு யார் பேரில், எந்தக் கிணற்றுக்கு என்பதும் புதுப் பத்திரத்தில் தெளிவாக வர வேண்டும். நால்திசை எல்லையை எழுதும்போது பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே நகல் எடுக்காதீர்கள். 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் பேரும் பரப்பும் தப்பாக ஏறிய பட்டாக்கள் ஏராளம், இன்றைய அளவோடு ஒத்துப் பாருங்கள்.

பண்ணையாள் குடும்பத்தைப் பற்றி நீங்கள் கேட்டதற்காக நன்றி. பலர் கேட்பதே இல்லை. "காலி செய்து கொடுத்துவிடுகிறோம்" என்று பார்ட்டியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் அப்பாரு காலத்திலிருந்து இருக்கிறார்கள் என்றால், 1971-ஆம் வருடத்துக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி அந்த மனை ஏற்கெனவே அவர்களுக்குச் சொந்தமாகியிருக்கக் கூடும். விவசாயத் தொழிலாளி, அடுத்தவர் நிலத்தில் குடியிருக்கும் வீட்டடி மனையைப் பற்றிய சட்டம் அது. ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், வீட்டு வரி ரசீது எந்த வருஷத்திலிருந்து இருக்கிறது என்று பாருங்கள். சட்டம் பொருந்தாத நிலையிலும் என் கருத்து மாறாது. அவர்கள் வீடு நிற்கிற சென்ட்டுகளையும் ஒரு பாதையையும் தனியாக அளந்து, கிரயத்துக்கு முன்பே அவர்கள் பேருக்குப் பதிவு செய்து கொடுத்துவிடுங்கள். மூன்று தலைமுறை அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு அது கடன். அந்தச் செலவு உங்கள் மொத்த வரவில் தெரியாது. அவர்களை அப்புறப்படுத்தும் பொறுப்பை வாங்குகிறவர் தலையில் போட்டுவிட்டுப் போவது சட்டத்திலும் நிற்காது, நியாயத்திலும் நிற்காது.

வீட்டுக்குள் இருக்கும் சாமான்களைக் கிரயத்தில் சேர்க்காதீர்கள். சாமி அறையில் உலோகச் சிலை இருந்து அது நூறு வருஷத்தைத் தாண்டியதானால், 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியது. வீட்டோடு சேர்த்தும் தனியாகவும் ஏனோதானோ என்று விற்கக் கூடாது. ஏட்டுச் சுவடிகளுக்கு 75 வருஷமே போதும், தொல்பொருள் ஆகிவிடும். பரணில் சுவடியோ செப்பேடோ கிடைத்தால் வியாபாரியிடம் காட்டாதீர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் மாதிரியான இடத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

வரியில்தான் வீடும் நிலமும் இரண்டு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கிராமப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. எது கிராமப்புறம்? மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை உள்ள நகராட்சி அல்லது பேரூராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால். பத்து லட்சம் வரை உள்ள ஊருக்கு 6 கிலோமீட்டர். அதற்கு மேல் 8. கோபி, பெருந்துறை இரண்டு எல்லையிலிருந்தும் அளந்து சான்று வாங்குங்கள். வீட்டுக்கு இந்த விலக்கு கிடையாது, லாபத்துக்கு வரி உண்டு. மிகப் பழைய வீடு என்பதால் 1.4.2001 அன்று இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பீட்டை இப்போதே ஒரு பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் வாங்கி வையுங்கள். ஒரே பத்திரத்தில் ஒரே தொகையாக எழுதிவிட்டால் எது நிலத்துக்கு, எது வீட்டுக்கு என்று பிற்பாடு நீங்கள் போராட வேண்டியிருக்கும். அண்ணன் வெளிநாட்டில் வசிப்பதால், வரிக்கு உட்பட்ட சொத்தில் அவர் பங்குக்கு வாங்குகிறவர் பிடிக்கும் வரி உள்ளூர்க்காரர்களுக்குப் பிடிக்கிற ஒரு சதவீதம் அல்ல, பல மடங்கு கூடும். கிரயத்துக்கு முன்பே வருமான வரித் துறையில் விண்ணப்பித்துக் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கலாம். ரொக்கமாக வாங்காதீர்கள், சொத்துப் பேச்சில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்குவதற்கே அபராதம் உண்டு.

தம்பியின் கடனுக்காக மொத்தத்தையும் விற்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்பப் பாகம் பதிவானதும் 8 ஏக்கர் மேட்டாங்காட்டை முதலில் பேசுங்கள். வாய்க்கால் முறையும் கிணற்றுப் பாகமும் இல்லாத நிலம், வில்லங்கம் குறைவு, சீக்கிரம் முடியும். வயலை, வெள்ளாமை செய்கிற பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். சைட்காரர் சொல்லும் தொகையை விடக் குறைவாகத்தான் கேட்பார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் முழுத் தொகையும் ஒரே நாளில் பத்திர ஆபீசில் வந்துவிடும். வீட்டை விற்க அவசரப்படாமல் ஒரு வருஷம் கொடுங்கள்.

1968-க்கும் முந்திய வருஷத்திலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்றுக்கு இப்போதே மனுப் போட்டுவிடுங்கள். கணினியில் ஏறாத பழைய வருஷங்களைக் கையால் தேட நாளாகும். ஒரு காலத்தில் உங்கள் குடும்பத்துக்கு இதைவிட அதிக நிலம் இருந்திருந்தால், நில உச்சவரம்புச் சட்டத்தில் உபரியாக அறிவித்த சர்வே எண் ஏதாவது இந்த 22 ஏக்கரில் கலந்திருக்கிறதா என்பதையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். 1970-இல் குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று உச்சவரம்பைக் குறைத்தபோது பெரிய பண்ணையங்களில் அப்படி நடந்திருக்கிறது. சொசைட்டிக் கடனைக் கட்டி முடித்த அன்றைக்கே அடமானப் பொறுப்பை நீக்கும் கடிதத்தை வாங்கிப் பதிவு செய்து, அது வில்லங்கத்தில் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.